சிவப்பு மங்கும் வேகம்: ஒளியியக்கச் சிகிச்சையைக் கமராவால் கண்காணிக்கப் பழகுபவர்களுக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிற காலம் ஒன்று ஒவ்வொரு வருடமும் வரும். இது அவர்களுக்காக எழுதியது. பொறியியலா, தொழில்நுட்பமா, பௌதிகமா என்பது பெரிய விஷயமில்லை. புற்றுநோய்க்கு ஒளியால் செய்யும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அது நடக்கும்போதே மருந்து வேலை செய்கிறதா என்று கமராவால் பார்க்க முடியும். அந்தக் கமரா வேலையின் அடிப்படையை எந்த நோயாளியையும் தொடாமல், ஒரு மேசையில், பெரும்பாலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைக்கிற சாமான்களை வைத்தே பழகலாம்.

ஏன் இந்தத் தலைப்பு? வெற்றிலை போடாத வயலோ வாடியோ வன்னியில் குறைவு. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராவிட்டாலும் பாக்குத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. வழமையான சிகிச்சை சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும்தான். அதற்கு நம்மவர்கள் ஏ9 வீதியில் வடக்கே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ தெற்கே மகரகமவிலுள்ளதற்கோ போகிறார்கள். ஒளிச் சிகிச்சை இவற்றுக்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆரம்பநிலையிலுள்ள, மேற்பரப்போடு நிற்கிற புண்களுக்கு அது பொருந்தலாம் என்பதும், அதன் கருவிகளைக் குறைந்த செலவில் செய்யலாம் என்பதும்தான் நமக்கு இதிலுள்ள அக்கறை.

முதலில் விளங்க வேண்டியது

ஒளியியக்கச் சிகிச்சைக்கு மூன்று வேண்டும்: ஒளியுணர் மருந்து, அதற்குப் பொருந்தும் நிற ஒளி, ஒட்சிசன். மருந்து ஒளியை வாங்கி அந்தச் சக்தியை ஒட்சிசனுக்குக் கொடுக்கும். உசுப்பப்பட்ட அந்த ஒட்சிசன் பக்கத்தில் எது இருந்தாலும் அதைச் சிதைக்கும். அதற்கு ஆயுள் மிகக் குறைவு. பிறந்த இடத்திலிருந்து ஒரு கலத்தின் அகலம்கூடப் போகமாட்டாது. மருந்தும் ஒளியும் சேர்ந்த இடத்தில்தான் அழிவு. மூன்றில் ஒன்று இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

பரவலாகப் பயன்படுவது அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. அது தானாக ஒளியை உணராது. குருதிக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஈம் உருவாகிற அதே பாதையில் உடல் அதைப் புரொட்டோபோபிரின் என்ற பொருளாக மாற்றும். அந்தப் பாதையின் கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கிற நொதியம் பல வகைப் புற்றுக்கலங்களில் மந்தமாக இருப்பதால் புரொட்டோபோபிரின் அங்கே தேங்கிவிடும். அதன்மேல் 405 நானோமீற்றர் ஊதாநீல ஒளி பட்டால் 635 நானோமீற்றருக்குக் கிட்டச் சிவப்பாக ஒளிரும். சிகிச்சைக்கு 635 நானோமீற்றர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஊதாவைவிடச் சிவப்பு இழையத்துக்குள் ஆழமாகப் போகும். சிகிச்சை நடக்க நடக்க அந்த மருந்தும் சிதைந்துகொண்டு போகும். அதனால் சிவப்பு ஒளிர்வு மங்கும். இதை வெளிறல் என்று சொல்வோம்.

நாம் அளக்கப்போவது இந்த வெளிறலை. விளக்கின் கணக்கு எவ்வளவு ஒளி கொடுத்தோம் என்று மட்டும் சொல்லும். மருந்து அந்த இடத்தில் போதியளவு சேர்ந்ததா, ஒட்சிசன் இருந்ததா, ஒளி சரியாக விழுந்ததா என்று அது சொல்லாது. ஒரே அளவு மருந்து குடித்த இரண்டு பேருக்குத் தேங்கும் அளவு ஒன்றாக இருக்காது. வெளிறலில் இந்த மூன்றின் தடயமும் கலந்திருக்கும். அதனால்தான் கமரா.

நாட்டுக்கோழி முட்டையில் தொடங்குங்கள்

பணம் செலவழிக்க முன்னர் இதைச் செய்யுங்கள். மண்ணிறக் கோது உள்ள முட்டை ஒன்றும் வெள்ளைக் கோது முட்டை ஒன்றும் எடுங்கள். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா ரோச் ஒன்று வேண்டும். கடைகளில் வருவது பெரும்பாலும் 395 நானோமீற்றர், அது போதும். இரவில் லைற்றை அணைத்துவிட்டு இரண்டு முட்டையிலும் அடித்துப் பாருங்கள். வெள்ளை முட்டையில் மங்கலான நீலம் தெரியும். மண்ணிற முட்டை நெருப்புத் தணல்போலச் சிவக்கும். காரணம் வேறொன்றுமில்லை: மண்ணிறக் கோதுக்கு நிறம் கொடுப்பதே புரொட்டோபோபிரின்தான். சிகிச்சையில் தேங்குகிற அதே மூலக்கூறு கோழிக் கூட்டில் கிடக்கிறது.

அடுத்தது வெளிறல். முட்டையை இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு ஊதி, உள்ளே இருப்பதைப் பொரித்துச் சாப்பிடுங்கள் (முழு முட்டையை வெயிலில் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை). கழுவிக் காய்ந்த கோதில் பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, வெயிலில் ஒரு பகல் முழுக்க வையுங்கள். இரவில் தாளைக் கழற்றி ரோச் அடித்தால், மூடியிருந்த பாதிக்கும் வெயில் பட்ட பாதிக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். முதல் நாளில் தெளிவில்லையென்றால் இன்னொரு நாள் விடுங்கள். கோதுக்கு உள்ளே இருக்கும் நிறப்பொருள் மெல்லத்தான் போகும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பாதியும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஊதா ஒளியில்தான் வேறுபாடு பிடிபடும்.

இங்கே ஒரு பாதுகாப்புச் சொல். ஊதா ரோச்சை யாருடைய கண்ணுக்கும் நேரே பிடிக்கக்கூடாது. கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிவதாலேயே ஆபத்து அதிகம். ஊதாவைத் தடுக்கும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். லேசர் சுட்டிகளை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

பெட்டி

இனிக் கையால் பிடித்த ரோச்சில் இருந்து அளவீட்டுக்கு வருவோம். அளவீடு என்றால் ஒன்று மாத்திரம் மாற வேண்டும், மற்ற எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். பெட்டியின் வேலை அதுதான்.

ஒட்டுப்பலகையிலோ தடித்த மட்டையிலோ ஒரு பெட்டி செய்து உள்ளே மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் அடியுங்கள். மினுக்கம் இருந்தால் ஒளி தெறித்து எங்கெங்கோ போகும். மேலே போனின் கமராவுக்கு ஒரு துளை. மாதிரிக்கும் கமராவுக்கும் இடைத்தூரம் 12 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். போனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்கும்படி கட்டை அடித்துவிடுங்கள். மாதிரித் தட்டுக்கும் அப்படியே.

விளக்குகள் இரண்டு. ஒன்று பார்ப்பதற்கு: 405 நானோமீற்றர் எல்ஈடி. மற்றது சிகிச்சைக்கு: சிவப்பு எல்ஈடி. முதலில் இலையின் பச்சையத்தில் பழகுவோம் (மாதிரிகள் பகுதியில் வரும்); அப்போது செடி வளர்க்கப் பயன்படுத்தும் 660 நானோமீற்றர் எல்ஈடி பொருந்தும். புரொட்டோபோபிரினுக்குப் போகும்போது 630 அல்லது 635 வாங்குங்கள். இரண்டையும் சரிவாகப் பொருத்துங்கள், நேரே மேலிருந்து அடித்தால் ஈரமான மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளி விழும்.

இந்த எல்ஈடிகளைச் சுவர் மின்சாரத்தில் மலிவான அடப்ரரால் ஓட்டாதீர்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சரியாகச் சீராக்காத அடப்ரரில் எல்ஈடி செக்கனுக்கு 100 தடவை மினுங்கும், போன் கமரா அதைப் படத்தில் கோடுகோடாகப் பதியும். பற்றரியும், மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கிற சிறிய சுற்றும்தான் சரி. மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. எல்ஈடிக்குப் பின்னால் அலுமினியத் தகடு ஒன்றை வெப்பம் போவதற்காகப் பூட்டுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையில் எல்ஈடி சூடேறச் சூடேற ஒளி குறையும். நீங்கள் அதை மருந்து வெளிறியதாக நினைத்துவிடுவீர்கள். அளக்க முன்னர் எல்ஈடியைச் சில நிமிடம் எரியவிட்டு நிலைப்படுத்துவது நல்லது. அந்த நேரத்தில் மாதிரி பெட்டிக்குள் இருக்கக்கூடாது.

கமராத் துளைக்குச் சிவப்பு வடிகட்டி வேண்டும். ஊதாவை முழுக்க நிறுத்தி, 600 நானோமீற்றருக்கு மேலே உள்ளதை விட வேண்டும். கண்ணாடி வடிகட்டி வெளிநாட்டில் இருந்து வரும், விலையும் கூட. பழகுவதற்கு மேடை விளக்குகளுக்குப் போடும் கடுஞ்சிவப்பு ஜெலற்றின் தாள் இரண்டு மடிப்புப் போதும். கசக்கி விரித்த அலுமினியத் தாளைப் பெட்டிக்குள் வைத்து, ஊதாவை மட்டும் போட்டுப் படம் எடுங்கள். அலுமினியம் ஒளிராது. ஆகவே படம் கறுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் வடிகட்டி கசிகிறது. இந்தச் சோதனையை வெள்ளைக் கடதாசியில் செய்யாதீர்கள். கடதாசிக்கு வெண்மை கூட்டப் போடும் பொருளே ஒளிரும்.

போனை அடக்குதல்

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். போன் கமரா நீங்கள் கேட்காமலே படத்தை அழகாக்கும். சிவப்பு மங்கினால் அது தானாக வெளிச்சத்தைக் கூட்டும். பிறகு வரைபடத்தில் மருந்து வெளிறவே இல்லை என்று வரும். புரோ நிலையிலோ, ஓப்பின் கமரா போன்ற இலவசச் செயலியிலோ இவை எல்லாவற்றையும் கையால் பூட்டுங்கள்: ஒளிபடும் நேரம், ஐஎஸ்ஓ (உணர்திறன்), வெண்சமநிலை, குவியம். ஐஎஸ்ஓ குறைவாக, நேரம் கூடுதலாக. இரவுநிலை, எச்டிஆர், அழகூட்டல் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். போனில் வசதி இருந்தால் படத்தை றோ வடிவில் (போன் திருத்தாத மூலப்படமாக) சேமியுங்கள். ஜேபெக் படத்தில் இரண்டு மடங்கு ஒளி இரண்டு மடங்கு எண்ணாகப் பதியாது.

பூட்டியதை நம்பாமல் சோதியுங்கள். நிறக்கரைசல் ஒன்றை (கீழே வரும் முருங்கை இலைக் கரைசல் போல) முழு அளவில், பாதியாக, காலாக, எட்டிலொன்றாக ஐதாக்கி, வெறும் கரைப்பானையும் சேர்த்து ஐந்து குப்பி. ஐந்தையும் அதே நிலையில் படம் எடுத்து, செறிவுக்கு எதிரே சிவப்பு எண்ணைக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும். மேல்முனை வளைந்தால் ஒன்றில் கமரா நிரம்பிவிட்டது, அல்லது கரைசல் தடிப்பால் தன் ஒளிர்வைத் தானே விழுங்குகிறது. ஒளிபடும் நேரத்தைக் குறைத்தும் வளைவு போகவில்லையென்றால் இரண்டாவதுதான் காரணம். நேராக இருக்கும் பகுதிக்குள்ளேயே பிறகு வேலை செய்யுங்கள். இந்த நேர்கோடு வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒரு கிழமை போனாலும் பரவாயில்லை.

மாதிரிகள்

முதல் மாதிரி முருங்கை இலை. ஒரு கைபிடி இலையை அரைத்து, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் ஊறவிட்டு, இருட்டில் வைத்து வடியுங்கள். அடுப்புக்குக் கிட்ட வேண்டாம், ஸ்பிரிற் பற்றும். பச்சைத் தண்ணீர்தான், ஊதா ரோச் பட்டதும் இரத்தச் சிவப்பாக மாறும். பச்சையமும் புரொட்டோபோபிரின் சேர்ந்த போபிரின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு, ஒளியில் அதுவும் வெளிறும். ஸ்பிரிற் நம்முடைய வெக்கையில் கண்முன்னே ஆவியாகும். ஆவியானால் செறிவு கூடும், கணக்குக் குழம்பும். அதனால் குப்பியைக் கண்ணாடித் துண்டால் மூடியே அளவிடுங்கள்.

இரண்டாவது, இழையம்போலச் சிதறடிக்கும் மாதிரி. உடம்பு தெளிந்த நீரல்ல. ஒளி அதற்குள் முட்டி மோதித்தான் போகிறது. அதற்கு ஆய்வுகூடங்களில் இன்ராலிப்பிட் என்ற கொழுப்புக் குழம்பைப் பயன்படுத்துவார்கள். பழகுவதற்குக் கொழுப்பு எடுக்காத பால் போதும். நூறு மில்லிலீற்றர் நீருக்கு ஒரு கிராம் அகர் போட்டுக் கொதிக்க வைத்து, 50 பாகை அளவில் ஆறியதும் பாலையும் நிறத்தையும் சேர்த்து, சிறிய தட்டுகளில் ஊற்றுங்கள். குருதியின் உறிஞ்சலைப் போலிசெய்ய ஒரு துளி கறுப்பு மை. பாலும் அகரும் வெளியில் இருந்தால் அடுத்த நாளே நாறும். குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, துறையின் ஊடாக வாங்கும் உண்மையான புரொட்டோபோபிரின். வெறும் நீரில் இது கட்டிபட்டு ஒளிர்வை இழக்கும். முதலில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பிறகு ருவீன் 20 என்ற சவர்க்காரம் போன்ற பொருள் கலந்த நீரில் சேர்க்க வேண்டும். 5 மைக்ரோமோலர் செறிவு என்றால் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 2.8 மைக்ரோகிராம். டிஎம்எஸ்ஓ தோலுக்குள்ளே தான் போவதோடு கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும், கையுறை கட்டாயம்.

நிறக்கரைசல் தயாரிக்கும்போது யன்னல் சீலையை இழுத்துவிடுங்கள். ஒளியால் நிறப்பொருள் உயிரைக் கொல்லும் என்பது கண்டறியப்பட்டதே இப்படித்தான்: மியூனிக் நகரில் ஒஸ்கார் றாப் என்ற மாணவர் (அவரது ஆய்வு 1900இல் வெளியானது) அக்ரிடீன் சாயத்தில் பரமேசியம் என்ற ஒற்றைக்கல உயிர்களை விட்டுப் பார்த்தபோது, வெளிச்சத்தில் அவை செத்தன, இருட்டில் பிழைத்தன. அவருக்குப் புதிய துறையைத் திறந்துவிட்ட அதே பகல் வெளிச்சம், உங்கள் தட்டைப் பெட்டிக்குள் போக முன்னரே பாதி வெளிறச் செய்யும்.

ஒவ்வொரு படத்திலும், மாதிரிக்குப் பக்கத்தில், மாறாத ஒப்பீட்டுத் துண்டு ஒன்றும் இருக்க வேண்டும். பளிச்சென்று ஒளிரும் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு நல்லது. அதற்குச் சிகிச்சைச் சிவப்பு படாதபடி மறைப்புப் போடுங்கள். மற்ற நேரத்தில் இருட்டில் வையுங்கள்.

சிகிச்சை ஒளியை அளத்தல்

சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிவாற் விழுகிறது என்று தெரிய வேண்டும். ஒளிவலு மானி இருந்தால் மாதிரி இருக்கும் அதே இடத்தில் வைத்து அளக்கலாம். இல்லையென்றால் சிலிக்கன் ஒளி டையோட் ஒன்றை எடுத்து, மின்னோட்டத்தை மல்ரிமீற்றரால் அளந்து, தரவுத்தாளில் அந்த அலைநீளத்துக்குக் கொடுத்த உணர்திறனாலும் டையோட்டின் பரப்பாலும் வகுங்கள். மானி அளவுக்குத் துல்லியம் வராது, தொடங்கப் போதும். தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். மூலையில் பாதிதான் விழுகிறதென்றால் மூலையின் வெளிறலை நடுவோடு ஒப்பிட முடியாது.

கணக்கு எளிது. 50 மில்லிவாற் விழும் இடத்தில் 2000 செக்கன் கொடுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 100 ஜூல். இது சிகிச்சைகளில் அடிக்கடி காணும் அளவு. அவசரப்பட்டு 200 மில்லிவாற்றாக்கி 500 செக்கனில் முடித்தாலும் 100 ஜூல்தான், ஆனால் விளைவு ஒன்றல்ல. ஒளி வேகமாக வந்தால் இழையத்திலுள்ள ஒட்சிசன் குருதி கொண்டுவருவதைவிட வேகமாகச் செலவாகிவிடும். மூன்றில் ஒன்று இல்லாத சிகிச்சையாகப் போகும், சூடும் ஏறும். அதனால்தான் வைத்தியர்கள் சில வேளை ஒளியை இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள்.

ஓட்டம்

சிகிச்சைச் சிவப்பு எரியும்போது படம் எடுக்க முடியாது. அந்தச் சிவப்பு வடிகட்டியூடாக நேரே வந்து கமராவைக் குருடாக்கும். ஆகவே மாறிமாறி. சிவப்பு 100 செக்கன், அதாவது 5 ஜூல். சிவப்பை அணை. ஊதாவை ஒரு செக்கன் போட்டு ஒரு படம். ஊதாவை அணை. திரும்பச் சிவப்பு. இருபது தடவை. கையால் செய்தால் நேரம் பிசகும். ஆடுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் இரண்டு ரான்சிஸ்ரரும் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொடக்கத்தில், எதுவும் எரியாமல், ஒரு இருள் படமும் எடுத்து வையுங்கள்.

பார்க்கிற ஊதாவும் மருந்தை வெளிறச் செய்யும். எவ்வளவு என்று அறிய, இன்னொரு தட்டுக்குச் சிவப்பே கொடுக்காமல் அதே நேர ஒழுங்கில் ஊதாப் படங்களை மட்டும் எடுங்கள். இந்தக் கட்டுப்பாட்டுத் தட்டு இல்லாத வரைபடத்தை நான் மதிப்பதில்லை.

படங்களை நேர்கோட்டு (ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும்) 16 பிற் கோப்பாக மாற்றி ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்து, மாதிரியின் நடுவில் ஒரு வட்டம், ஒப்பீட்டுத் துண்டில் ஒரு வட்டம். எல்லாப் படத்திலும் அதே இடம். உதாரணத்துக்கு முதல் படத்தில் மாதிரி 8200, ஒப்பீடு 10200, இருள் 200 என்று வைப்போம். இருளைக் கழித்தால் 8000, 10000, விகிதம் 0.80. பிந்திய படத்தில் மாதிரி 5000, ஒப்பீடு 9800. கழித்தால் 4800, 9600; விகிதம் 0.50. 0.50ஐ 0.80ஆல் வகுத்தால் 0.625. ஆக 37.5 வீதம் வெளிறியிருக்கிறது. ஒப்பீடு 10000இல் இருந்து 9600க்கு இறங்கியதைக் கவனியுங்கள்: அது எல்ஈடி சூடானது. ஒப்பீட்டுத் துண்டு இல்லையென்றால் அதையும் மருந்தின் கணக்கில் போட்டிருப்போம்.

வரைபடத்தை வாசித்தல்

நல்ல ஓட்டத்தில் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு படிப்படியாகச் சாயும். சீக்கிரமே தட்டையாகிவிட்டால் இரண்டு சாத்தியம்: நிறப்பொருள் முடிந்தது, அல்லது ஒட்சிசன் முடிந்தது. சிவப்பைச் சில நிமிடம் நிறுத்தித் திரும்பக் கொடுங்கள். மறுபடி இறங்கத் தொடங்கினால் ஒட்சிசன் திரும்பி வந்திருக்கிறது. கரைசலில் ஓய்வுக்குப் பிறகு ஒளிர்வு கொஞ்சம் ஏறவும் கூடும். கீழேயிருந்த வெளிறாத கரைசல் மேலே கலந்திருக்கும். உயிருள்ள இழையத்தில் ஏறினால் காரணம் வேறு, கலங்கள் புதிதாகப் புரொட்டோபோபிரின் செய்கின்றன.

கோடு இறங்கவே இல்லையா? முதலில் வடிகட்டிக் கசிவைப் பாருங்கள், பிறகு போனின் பூட்டுகளை. புரொட்டோபோபிரினில் இன்னொரு பொறி உண்டு. அது சிதையும்போது உருவாகும் ஒரு விளைபொருள் 670 நானோமீற்றருக்குக் கிட்டத் தானும் சிவப்பாக ஒளிரும். போன் கமராவுக்கு 635உம் 670உம் ஒரே சிவப்புத்தான். அந்தச் சந்தேகம் வந்தால் நிறமாலைமானி உள்ள ஒருவரின் கதவைத் தட்டுவதைத் தவிர வழியில்லை.

மேசையில் இருந்து வாய்க்கு

இந்த வழியில் ஏற்கெனவே போனவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் பொஸ்ரன் ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து, பற்றரியில் ஓடும் 635 நானோமீற்றர் எல்ஈடி விளக்கையும் போனில் பொருத்திய ஒளிர்வுக் கமராவையும் ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளர்களிடம் பயன்படுத்தியிருக்கிறார்கள். மின்சாரம் நம்பமுடியாத இடங்களை மனதில் வைத்துத்தான் அந்தக் கருவிகள் செய்யப்பட்டன. ஜப்பானில் 2020இல் அனுமதி பெற்ற ஒளி நோயெதிர்ப்புச் சிகிச்சையில் 690 நானோமீற்றர் ஒளி. அங்கும் சாயம் வெளிறுவதை வைத்துக் கண்காணிக்கும் எண்ணம் உண்டு. ஒளிர்வைத் தவிர, குருதியோட்டத்தை லேசர்ப் பொட்டுகளால் பார்ப்பது, ஒட்சிசன் அளவை இழையத்தின் நிறத்தால் கணிப்பது, உசுப்பப்பட்ட ஒட்சிசன் தானே விடும் 1270 நானோமீற்றர் மெல்லொளியைப் பிடிப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு விலை கூடிய உணரி வேண்டும். இறுதியாண்டில் அதைத் தொடாதீர்கள்.

வாய்க்குள் மேசையில் இல்லாத தொல்லைகள் நிறைய. ஊதா ஒளி இழையத்துக்குள் ஒரு மில்லிமீற்றர்கூட ஒழுங்காகப் போகாது. கமரா சொல்வது மேற்பரப்பின் செய்தி மட்டும். குருதி 415 நானோமீற்றர் வாக்கில் ஊதாவை விழுங்கும், புண் கசிந்தால் ஒளிர்வு குறைந்ததுபோல் தெரியும். வெற்றிலைச் சாயம் பிடித்த பல்லும் கன்னமும் அப்படியே ஏய்க்கும். மறுபக்கம், நாக்கிலும் பல்லடியிலும் வாழும் கிருமிகள் சில தாமாகவே போபிரின் செய்து சிவப்பாக ஒளிரும். ரோச்சை வாய்க்குள் பிடித்து, சிவப்பைக் கண்டு யாரும் பயப்படவும் வேண்டாம், காணாததால் நிம்மதியடையவும் வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம் என்றால் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். உங்கள் பெட்டி நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல.

ஆகவே மேசைக்கு வெளியே வர நினைத்தால் முதலில் மேற்பார்வையாளர், பிறகு ஒழுக்கவியற் குழு, பிறகுதான் வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவு. நண்பனின் வாயைப் படம் எடுப்பதற்கும் இது பொருந்தும். ஏ.எல்.ஏயை எங்கிருந்தாவது வாங்கி ஒருவருக்கும் கொடுக்கவே கூடாது. அதைக் குடித்தவர் ஓரிரு நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். ஃபோட்டோஃபிரின் என்ற பழைய மருந்தானால் நான்கு தொடக்கம் ஆறு கிழமை. வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவருக்கு ஆறு கிழமை வீட்டுக்குள் இருப்பது என்றால் என்ன என்பதை விளக்கின் விலையோடு சேர்த்துத் திட்டத்தில் எழுத வேண்டும்.

வைத்தியரைச் சந்திக்கப் போகும்போது இரண்டு கேள்விக்குத் தயாராகப் போங்கள். இது கடைவாய்க்குப் பின்னால் எட்டுமா? ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? முதலாவதற்குப் பெட்டியை மறந்து, ஒளியிழை நாரும் சிறிய கமராத் தலையும் என்று வடிவத்தையே மாற்ற வேண்டி வரும். இரண்டாவதற்கு ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் உறை போடுவோம் என்று பலர் சொல்வார்கள். சொல்ல முன்னர் அந்த உறையைப் பெட்டிக்குள் வைத்து ஊதா அடித்துப் பாருங்கள். பல பிளாஸ்ரிக்குகள் தாமே ஒளிரும். கடையில் கிடைக்கும் உறைகள் எல்லாவற்றையும் வாங்கி, ஒளிர்வு குறைந்ததைத் தெரிவுசெய்து, அந்த வெறும் உறையின் எண்ணை இருள் படத்தோடு சேர்த்துக் கழியுங்கள்.